விறாந்தையில் சீற் அளந்தேன்: காலையில் ஓர் அளவு, பின்னேரம் இன்னோர் அளவு

கோண்டாவில்_ஒழுங்கை | ஞாயிறு, இரவு 7.52

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது பழைய றோட் பைக். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று களைத்துப்போய் வாங்கியது. அன்று தொடக்கம் கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கசூரினாக் கடற்கரை வரை ஒரு ஓட்டம். ஒரு நோவும் இருந்ததில்லை.

போன மாதம் ஒரு கடையில் சேர்விஸுக்கு விட்டேன். சீற் பில்லரை, அதுதான் சீற்றைத் தாங்குகிற பைப்பை, கழற்றி, கிறீஸ் பூசி, சீற்றையும் துடைத்துத் திரும்பப் பூட்டித் தந்தார்கள். சங்கிலி இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஆனால் சீற் பழைய இடத்தில் இல்லை. எவ்வளவு மாறியது என்றும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் பழைய அளவை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. இரண்டு கிழமையாக வலது முழங்காலில், சிரட்டைக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கம் நோகிறது.

சரி, இப்போது எங்கே நிற்கிறது என்றாவது அளப்போம் என்று தங்கூசி நூலில் ஒரு நட்டைக் கட்டி, சீற் மூக்கிலிருந்து தொங்கவிட்டேன். நூலிலிருந்து பெடல் சுற்றுகிற நடு அச்சின் மையம் எவ்வளவு பின்னால், எவ்வளவு முன்னால் என்று பார்த்தேன். சீற் மூக்கு அச்சுக்கு 3.7 சென்ரிமீற்றர் பின்னால். பின்னேரம் அம்மாவோடு கோயிலுக்குப் போய்வந்து, சும்மா ஒரு சந்தேகத்தில் திரும்ப அளந்தால் 4.9! இடையில் ஒரு நட்டையும் நான் தொடவில்லை. மூன்று தரம் அளந்தேன், மூன்று தரமும் 4.9.

அளக்கத் தெரியாத என் கையில் பிழையா, இல்லை சீற் தானாக நகருகிறதா?

---

பண்ணைப்பாலம் | ஞாயிறு, இரவு 8.05

கோயிலுக்குப் போய்வந்த பிறகு 1.2 சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது. அடுத்த கிழமை அர்ச்சனையும் செய்து பாருங்கள்.

---

தூக்குக்குண்டு | ஞாயிறு, இரவு 8.31

தம்பி, சிரிக்க வேண்டாம், உதில் விசயம் இருக்கிறது. மூன்று கேள்வி.

காலையும் பின்னேரமும் சைக்கிள் நின்றது ஒரே இடத்திலா? ஒரே பக்கம் பார்த்து நின்றதா? நிலம் என்ன நிலம்?

---

கோண்டாவில்_ஒழுங்கை | ஞாயிறு, இரவு 8.40

ஒரே இடம்தான் அண்ணை, முன் விறாந்தை. சிவப்புச் சீமெந்து. காலையில் வெளிக்கிடுகிற மாதிரி கேற்றைப் பார்த்து நின்றது. பின்னேரம் வந்து ஏற்றிவிட்டபடியே வீட்டைப் பார்த்து நின்றது.

---

தூக்குக்குண்டு | ஞாயிறு, இரவு 9.20

அதுதான் காரணம். நான் மேசன் வேலைக்காரன், எங்கள் ஆட்கள் செய்த வேலைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. விறாந்தை மட்டமாக இருக்காது. மாரி மழை அடித்தால் தண்ணி உள்ளே போகாமல் முற்றத்துக்கு ஓட வேண்டுமே, அதற்காக வெளிப்பக்கம் சரிவு விட்டுத்தான் போடுவோம். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பளிங்குப் போளையை நடுவில் வைத்துப் பாருங்கள், நேரே படியை நோக்கி ஓடும்.

கேற்றைப் பார்த்து நிற்கும்போது சைக்கிளின் முன்பக்கம் பணிந்திருக்கிறது. சீற் நடு அச்சுக்கு மேலே 66, 67 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறபடியால், மொத்தச் சைக்கிளும் கொஞ்சம் முன்னே சரிந்தால் சீற் மூக்கு கூடுதலாக முன்னே போய்விடும். 1 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு என்றாலே சீற்றில் 6, 7 மில்லிமீற்றர் பிழை வரும். வீட்டைப் பார்த்துத் திருப்பினால் அதே பிழை மறுபக்கம் விழும். தூக்குநூல் இரண்டு தரமும் உண்மையைத்தான் சொன்னது, நிலம்தான் உண்மை இல்லை.

இதற்காக வீட்டு நிலத்தை உடைக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் பார்த்து அளந்து, கூட்டி, இரண்டால் பிரியுங்கள். 3.7உம் 4.9உம் சேர்ந்து 8.6. உங்கள் சீற் மூக்கு 4.3 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது. இரண்டு சில்லும் இரண்டு தரமும் அதே புள்ளிகளில் நிற்க வேண்டும், அது முக்கியம். சோக்கட்டியால் நிலத்தில் கீறி வையுங்கள்.

இன்னும் சில. நூலை மூக்கின் நடுவிலிருந்து நேரே விட்டால் சட்டத்தின் மேல் பைப்பில் முட்டுமே, நீங்கள் எப்படி விட்டீர்கள்? நான் என்றால் ஓர் அடிமட்டத்தை மூக்கு நுனியில் குறுக்காக வைத்து, இடது பக்கம் நீட்டி, அதன் நுனியில் நூலைத் தொங்கவிடுவேன். இடது பக்கத்தில் பல்லுச்சில்லு இல்லை, அளக்கச் சுகம். அடிமட்டம் சைக்கிளுக்குச் சரி செங்குத்தாக நிற்காவிட்டால் அதுவும் பிழை காட்டும், அதனால் மேலேயிருந்து ஒருக்கால் பாருங்கள்.

நட்டு ஆடுகிறது என்றால் அதை ஒரு சிரட்டைத் தண்ணிக்குள் தொங்கவிடுங்கள், அடியில் முட்டாமல். ஆட்டம் உடனே அடங்கும். கட்டிட வேலையில் காற்றடிக்கிற நேரம் வாளித் தண்ணியில் இப்படித்தான் செய்வோம்.

---

கோண்டாவில்_ஒழுங்கை | ஞாயிறு, இரவு 9.33

பளிங்குப் போளை இல்லை, எலுமிச்சங்காயை வைத்துப் பார்த்தேன். படி தாண்டி முற்றத்துக்கே போய்விட்டது.

---

பழைய_ரலி | திங்கள், காலை 5.48

இந்தத் தூக்குநூல், கூட்டல், வகுத்தல் எல்லாம் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. ஐம்பது வருடமாக ரலியில் ஓடுகிறேன். சீற்றில் இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் வரும்போது கால் நேராக நின்றால் உயரம் சரி. முன்பாதத்தில் மிதிக்கும்போது தானாக ஒரு மடிப்பு வரும். முடிந்தது கதை. ரேப்பும் வேண்டாம் கொப்பியும் வேண்டாம்.

தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. முன்பாரில் பிள்ளை, பின் கரியரில் மனைவி, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்க் கான். அப்போது சீற்றை எல்லோரும் பணித்துத்தான் வைத்திருந்தோம். பாரத்தோடு நிற்கிற இடத்தில் கால் நிலத்தில் ஊன்றாவிட்டால் குடும்பமே விழும். உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை, அதனால் அந்த உயரமும் தேவையில்லை. கடைக்காரர் பழைய பழக்கத்தில் பணித்து வைத்திருப்பார்.

---

கணக்குப்_பாடம் | திங்கள், பிற்பகல் 2.47

ரலி ஐயா சொன்ன குதிக்கால் முறை தொடங்குவதற்கு நல்ல முறைதான், நானும் அதைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் செருப்பின் தடிப்பு மாறினாலே விடை மாறும். இந்தத் தம்பிக்குத் தேவை கொப்பியில் எழுதி வைக்கக்கூடிய ஓர் இலக்கம். அதனால் கணக்குப் பக்கம் நான் வருகிறேன்.

முதலில் கவட்டு உயரம். வெறுங்காலோடு சுவரில் குதிக்காலை ஒட்டி நில்லுங்கள். சாரத்தை மாற்றிக் கட்டைக் காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தடித்த மட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, முதுகுப்பக்கம் மேலே வருமாறு, சீற்றில் இருக்கிற அளவுக்கு இறுக்கமாக மேலே தள்ளி, அதன் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் எங்கே முட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. நிலத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு உயரம் எடுங்கள். மூன்று தரம் எடுத்து நடு அளவை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் சரிந்தால் அளவு கெட்டுவிடும், யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் நல்லது.

பிறகு இரண்டு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. 1967இல் ஹாம்லி, தோமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது: பெடல் அடியில் நிற்கும்போது பெடல் அச்சிலிருந்து சீற் மேல்வரை, கவட்டு உயரத்தின் 109 வீதம். மற்றையது எண்பதுகளில் சைக்கிள் ஓட்டப் போட்டி வீரர் கிரெக் லெமொண்டும் அவருடைய பயிற்சியாளர் சிறில் கிமார்டும் பிரபலமாக்கியது: நடு அச்சின் மையத்திலிருந்து சீற் மேல்வரை, கவட்டு உயரத்தை 0.883ஆல் பெருக்கினால் வருவது.

கவட்டு உயரம் 78 சென்ரிமீற்றர் என்று வைப்போம். லெமொண்ட் கணக்கில் 68.9. ஹாம்லி கணக்கில் பெடல் அச்சிலிருந்து 85.0, கிராங் (நடு அச்சையும் பெடலையும் இணைக்கிற தண்டு) நீளம் 17.0 கழித்தால் 68.0. அதே கால், அதே சைக்கிள், இரண்டு விடைக்கும் இடையில் 9 மில்லிமீற்றர்! முழங்காலுக்கு அது பெரிய வித்தியாசம். ஆகவே இந்த இலக்கங்களைத் தேட வேண்டிய பரப்பின் எல்லைக் கம்புகள் என்று எடுங்கள். பரீட்சை விடை மாதிரி எடுத்து, தசம தானம் பார்த்துச் சீற்றைப் பூட்டவேண்டாம்.

சீற் உயரத்தை நிலத்திலிருந்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். அது வீண் வேலை. ரயரில் காற்றுக் குறைந்தாலே அளவு மாறும், ரயரை மாற்றினால் இன்னும் மாறும். நடு அச்சிலிருந்து, சீற் பில்லர் போகிற அதே கோட்டில், சீற்றின் மேல்பரப்பு வரை அளந்தால் எந்த வருடம் அளந்தாலும் அதே அளவு வரும்.

---

பழைய_ரலி | திங்கள், மாலை 6.15

ரீச்சர், என் சீற் ஸ்பிரிங் வைத்த தோல் சீற். நான் ஏறியிருந்தால் இறங்கும். வெறும் சீற்றில் எந்தக் கணக்குச் சரிவரும்?

---

கணக்குப்_பாடம் | திங்கள், மாலை 6.52

சரியான கேள்வி ஐயா. நீங்கள் ஏறி இருங்கள், ஒருவர் சீற்றின் பக்க ஓரத்தில் ஏறுவதற்கு முன்னும் பின்னும் நிலத்திலிருந்து அளக்கட்டும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவைக் கணக்கு விடையோடு கூட்டி உயர்த்தி வைக்க வேண்டும். (ரயரும் கொஞ்சம் அமுங்கும், அதையும் பிடிக்க வேண்டுமென்றால் நடு அச்சின் உயரத்தையும் அப்படியே இரண்டு தரம் எடுத்துக் கழியுங்கள்.) நல்லாகப் பழகிய தோல் சீற் என்றால் நடுவில் குழி வேறு இருக்கும். குழியில் அளக்க வேண்டும், விளிம்பில் அளந்தால் பொய்.

---

சோளகக்காற்று | திங்கள், இரவு 10.11

எல்லோரும் புதிதாக அளவு கண்டுபிடிக்கிறீர்கள். தம்பிக்கு அளவு ஏற்கெனவே இருக்கிறது, ஒரு நோவும் இல்லாமல் வருடக்கணக்காக ஓடிய அளவு. அது சைக்கிளிலேயே எழுதி வைத்திருக்கும்.

பில்லரை மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். வருடக்கணக்காக வெளியில் நின்ற பகுதி வெயிலில் மங்கி, தூசி கீறி, ஒரு நிறத்தில் இருக்கும். உள்ளே இருந்த பகுதி வேறு மினுக்கத்தில் இருக்கும். அந்த எல்லைக் கோடுதான் உங்கள் பழைய உயரம். கிறீஸ் பூசினாலும் துடைத்தாலும் அந்தக் கோடு இலேசில் போகாது. ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

அதேபோல் சீற்றுக்கு அடியில் இரண்டு தண்டவாளக் கம்பி இருக்கிறதல்லவா, அதைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் தழும்பு விழுந்திருக்கும். பழைய தழும்பு கவ்விக்கு வெளியே தெரிந்தால், எவ்வளவு தள்ளித் தெரிகிறதோ அவ்வளவு சீற் நகர்ந்திருக்கிறது.

ஒரு விசயம்: பில்லரை உயர்த்தினால் சீற் மேலே மட்டும் போகாது, பின்னாலும் போகும், ஏனென்றால் அந்தப் பைப்பே சாய்ந்துதான் நிற்கிறது. வழக்கமான 73 பாகைச் சாய்வில் 1 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 3 மில்லிமீற்றர் பின்னால் போகும். ஆகவே முதலில் உயரம், பிறகுதான் முன்பின்.

இன்னொன்று. எப்போதாவது வேறு சீற் வாங்கினால் மூக்கு நுனியிலிருந்து எடுத்த அளவு உதவாது, இப்போது மூக்குக் கட்டையான சீற்றுகள்தான் கூட வருகின்றன. சீற் 80 மில்லிமீற்றர் அகலமாகிற இடத்தை இரண்டு சீற்றிலும் குறித்து அங்கிருந்து அளவுங்கள். மட்டையில் 8 சென்ரிமீற்றர் வெட்டு ஒன்று வெட்டி, மூக்குப் பக்கமிருந்து தள்ளினால் எங்கே இறுகுகிறதோ அதுதான் இடம்.

---

பண்ணைப்பாலம் | செவ்வாய், காலை 7.30

இந்த முறை பகிடி இல்லை, உண்மையாகக் கேட்கிறேன். பெடல் இரண்டும் சமமாக நிற்கும்போது முன் முழங்காலிலிருந்து தூக்குநூல் விட்டால் பெடல் அச்சில் விழவேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதே? அதைப் பார்த்தால் முன்பின் அளவு வந்துவிடாதா?

---

சோளகக்காற்று | செவ்வாய், காலை 8.02

சட்டம் இல்லை, வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து விடும், அதனால் கடைகளில் நிலைத்துவிட்டது. ஆனால் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பொன்ட்ரேகர் இதைக் கட்டுக்கதை என்றே எழுதினார். மல்லாந்து கிடந்து மிதிக்கிற சைக்கிள்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முழங்காலுக்கும் பெடலுக்கும் நடுவே எந்தத் தூக்குநூலும் விழாது, ஆனாலும் மனிதர் வடிவாக ஓடுகிறார்கள். சீற் முன்பின் நிலை உங்கள் உடம்புப் பாரம் கைக்கும் இருப்புக்கும் எப்படிப் பிரிகிறது என்பதோடு சம்பந்தப்பட்டது. கை விறைத்தால், தோள் நொந்தால் அங்கே பாருங்கள்.

---

கோண்டாவில்_ஒழுங்கை | செவ்வாய், இரவு 9.05

கோடு இருக்கிறது!

பில்லரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். சட்டத்தின் விளிம்புக்குக் கீழே 11 மில்லிமீற்றரில் ஒரு வளையம், சாம்பல் நிறத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே, மயிர் அளவு. கடைக்காரர் 11 மில்லிமீற்றர் பணித்திருக்கிறார். தண்டவாளத்திலும் பழைய தழும்பு தெரிகிறது. சீற்றை 7 மில்லிமீற்றர் முன்னே தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள்.

இழுப்பதற்கு முன் உயரம் அளந்தேன்: 67.2. ஆகவே பழையது 68.3. என் கவட்டு உயரம் ரீச்சர் உதாரணத்துக்கு எடுத்த அதே 78தான் (புத்தகம் பிடித்தது தம்பி, சிரித்துக்கொண்டே பிடித்தான்). 68.0க்கும் 68.9க்கும் நடுவில் என் பழைய உயரம் நின்றிருக்கிறது.

---

கணக்குப்_பாடம் | செவ்வாய், இரவு 9.26

பார்த்தீர்களா, பணிந்தும் முன்னேயும் போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கூடுதலாக மடியும். சிரட்டைப் பக்கம் நோவதற்கு அது வழக்கமான காரணம். முழங்காலுக்குப் பின்னால் நொந்திருந்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால், சீற் உயரம் கூடிவிட்டது என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

திருப்பிப் பூட்டுவதற்கு முன் முன்பின் அளவு என்ன வரவேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். பிறகு அளந்து ஒப்பிடுங்கள். இது வீட்டுப்பாடம்.

---

கோண்டாவில்_ஒழுங்கை | புதன், இரவு 8.44

வீட்டுப்பாடம் ரீச்சர்: இருந்தது 4.3. தண்டவாளத்தில் 7 மில்லிமீற்றர் பின்னே தள்ளினால் 5.0. பில்லரை 11 மில்லிமீற்றர் உயர்த்துவதால் இன்னும் 3 மில்லிமீற்றர். மொத்தம் 5.3.

பூட்டி, கேற்றைப் பார்த்து ஒன்று, வீட்டைப் பார்த்து ஒன்று அளந்தேன். 4.6, 5.8. நடு அளவு 5.2.

---

கணக்குப்_பாடம் | புதன், இரவு 8.50

பத்துக்கு ஒன்பது. மிச்ச ஒரு மில்லிமீற்றர் அடிமட்டத்தில் இருக்கிறது.

---

தூக்குக்குண்டு | புதன், இரவு 9.12

சீற்றின் மட்டம் பார்த்தீர்களா தம்பி? கவ்வியைத் தளர்த்தினால் சாய்வும் மாறும். சீற் மேலே நீளவாக்கில் அடிமட்டத்தை வைத்து, அதன் மேல் போனை வைத்து மட்டம் காட்டுகிற வசதியைப் பாருங்கள். போனைப் பின்பக்கம் படுக்க வைக்காதீர்கள், கமரா மேடு இடிக்கும். ஓரத்தில் நிறுத்துங்கள். பிறகு போனை முன்பின் திருப்பி இன்னொரு தரம், இரண்டு அளவும் ஒன்றாக வராவிட்டால் போனில்தான் பிழை. 27 சென்ரிமீற்றர் சீற்றில் 1 பாகை என்றால் மூக்கு 5 மில்லிமீற்றர் ஏறி இறங்கும், அந்த இடத்தில் அது நல்லாகத் தெரியும். சைக்கிளையும் மற்றப் பக்கம் திருப்பி அளக்க மறக்கவேண்டாம், அதே விறாந்தைதானே.

---

பழைய_ரலி | வியாழன், காலை 5.55

பில்லரை உயர்த்துகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகக் குறைந்தது எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்று பில்லரில் கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிய விடக்கூடாது. பைப் வெடித்து விழுந்த ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

குதிக்கால் முறையில் என் சீற்றை நேற்று அளந்து பார்த்தேன். ரீச்சரின் கணக்குக்கு 2 சென்ரிமீற்றர் குறைவு. ஆனால் உயர்த்தப் போவதில்லை. சந்தியில் கால் ஊன்ற வேண்டும், எனக்கு எழுபது வயது.

---

கணக்குப்_பாடம் | வியாழன், மாலை 4.05

ஊன்றுங்கள் ஐயா. விழாமல் ஓடுவதுதான் உங்களுக்குச் சரியான அளவு.

தம்பிக்கு இன்னொரு வழி, விருப்பமென்றால். பக்கவாட்டில் போனை நடு அச்சின் உயரத்துக்குக் கிட்ட ஒரு கதிரையில் வைத்து வீடியோ எடுங்கள். இடுப்பு மூட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் மொழி மூன்றிலும் ஒட்டுப்பொட்டு ஒட்டுங்கள். பெடல் அடியில் நிற்கிற படத்தை நிறுத்தி, மூன்றையும் கோட்டால் இணைத்துப் பாகைமானியால் அளந்தால், நேர்க்காலிலிருந்து 25 முதல் 35 பாகை வரை மடிந்திருப்பது வழக்கமான பரப்பு.

---

கோண்டாவில்_ஒழுங்கை | ஞாயிறு, பிற்பகல் 12.20

மானிப்பாய், சங்கானை வழியாகக் காரைநகர் போய்வந்தேன். பொன்னாலைப் பாலத்தில் சோளகம் பக்கவாட்டில் அடித்தது, பாலம் முடியும் மட்டும் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மிதித்தேன். முதல் அரை மணித்தியாலம் சிரட்டையில் பழைய நோ கொஞ்சம் இருந்தது, திரும்பி வரும்போது அதை மறந்திருந்தேன். முழுக்கப் போய்விட்டதா என்று இன்னும் இரண்டு கிழமை பார்த்துத்தான் சொல்வேன். போகாவிட்டால் டொக்டரிடம்.

வீடியோவும் எடுத்தேன். 31 பாகை. பொட்டுப் பைக்கற் தங்கச்சியுடையது, சிவப்பில் இருந்த மூன்று கடைசிப் பொட்டும் என் காலில். அதற்குத் தண்டமாகப் புதுப் பைக்கற் இரண்டு வாங்கிக் கொடுத்தாயிற்று.

பில்லர் சட்டத்துக்குள் போகிற இடத்தில் அவளுடைய கியூட்டெக்ஸால் ஒரு மெல்லிய கோடு போட்டேன். 68.3, 5.2, மட்டம் 0 என்று கொப்பியிலும் எழுதியாயிற்று.

---

பண்ணைப்பாலம் | ஞாயிறு, பிற்பகல் 1.02

கியூட்டெக்ஸ் என்ன நிறம்?

---

கோண்டாவில்_ஒழுங்கை | ஞாயிறு, பிற்பகல் 1.10

ரோஸ். அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி கடைக்குப் போகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான், சீற்றைப் பணித்துவிட்டு.